நத்தார் காலக் கொழும்பில் காலி வீதியைத் தவிர்க்க

நத்தார் விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்து வெள்ளவத்தையில் தங்குபவர்கள், புறக்கோட்டைக்குச் சாமான் வாங்கச் செல்லும்போது முச்சக்கரவண்டியை விட்டுக் கரையோரப் புகையிரதத்தில் கோட்டை நிலையத்துக்குச் செல்வது நல்லது. டிசம்பர் கடைசியில் காலி வீதி கடைக்கூட்டத்தால் அடைபட்டுக் கிடந்தாலும், தண்டவாளம் அவ்வீதிக்கு மேற்கே கடலை ஒட்டியே பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி வழியாகச் செல்வதால் அந்த நெரிசல் அதனைத் தொடுவதில்லை; ஆளுக்கான கட்டணமும் மிகக் குறைவு. கோட்டை நிலையத்திலிருந்து வெளியே வந்தால் எதிரிலேயே புறக்கோட்டை. போகும்போது இடப்பக்க யன்னலோரம் பிள்ளைகளுக்கு, அலை அங்கேதான் தெரியும்.

அலுவலக நேரத்தில் கைக்குழந்தையோடு இதனை முயல வேண்டாம், படிக்கட்டு வரை ஆட்கள் தொங்குவார்கள். 25ஆம் திகதி பொது விடுமுறை என்பதால் அலுவலகப் புகையிரதங்களை நம்பிப் புறப்படுவதும் சரிவராது.