முருங்கையை முதலில் ஒடியுங்கள்

முருங்கையை நடுவது பெரிய வித்தை அல்ல. அதை உயர விடாமல் வைத்திருப்பதுதான் வித்தை. நான் இதைப் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

மும்பை செம்பூரில் தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். பின்பக்கம் நான்கடி அகலத்துக்கு மண் உண்டு. முதல் மரத்தை வெட்ட மனம் வராமல் இரண்டாம் மாடி ஜன்னல் வரை விட்டுவிட்டேன். ஒரு ஜூலை இரவு, காயோடு ஒரு கிளை மேல்வீட்டுக்காரரின் ஸ்கூட்டர்மேல் விழுந்தது. முறிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரல் நகம் பதிந்தது. வேகமாக வளரும் மரம், உள்ளே தக்கை. மழையில் இலை நனைந்து கனத்தால் அந்தத் தக்கை எப்படித் தாங்கும்?

இப்போது இருப்பது இரண்டாவது மரம். ஊரிலிருந்து மணிக்கட்டுப் பருமனில் மூன்றடிப் போத்தை, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளைத்துண்டை, கோணியில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தேன். வெட்டுவாய் காய நிழலில் சில நாள் சாய்த்து வைத்து, ஓரடி ஆழத்தில் நட்டு, மேல்முனையில் சாணம் அப்பினேன். நட்டது அக்டோபர் கடைசியில். ஜூனில் நடாதீர்கள், தேங்கும் நீரில் போத்து அழுகிவிடும். இடம் தாழ்வாக இருந்தால் மண்ணை மேடாகக் குவித்து நடுங்கள்.

போத்து கிடைக்காதவர்கள் விதை போடலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்-1 ரகம் விதைத்த ஆறேழு மாதத்தில் காய்க்கும். விதைக்கன்று மூன்றடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். நுனி இருக்கும்வரை பக்கத்துக் கிளைகளை அது எழவிடாது. போத்திலோ, துளிர்களில் நான்கைந்தை மட்டும் விட்டு, அவை நீண்டதும் நுனி கிள்ளினால் போதும். பிறகு ஆண்டுதோறும் மே மாதம், மழைக்கு முன்பே, கைக்கு எட்டும் உயரத்துக்கு வெட்டிவிடுகிறேன். மொட்டையாக நிற்பதைப் பார்த்து வாட்ச்மேன், “ஷேவ்கா போச்சா?” என்று ஒவ்வொரு ஆண்டும் கேட்பார். ஷேவ்கா என்றால் மராத்தியில் முருங்கை. இரண்டு வாரத்தில் துளிர்த்துவிடும்.

பூக்கும்போது தண்ணீரைக் குறையுங்கள். வேர் நனைந்தே கிடந்தால் பூ கொட்டும்.

மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வரும். பகலில் அடிமரத்தில் கும்பலாக ஒட்டிக் கிடக்கும், இரவில் ஏறி இலையைத் தின்னும். ஆகவே பகலிலேயே, கையுறை போட்டு, பழைய துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளியில் தள்ளிவிடுங்கள். ஊரில் பந்தம் காட்டிப் பொசுக்குவார்கள்; பட்டை வெந்துபோகும், குடியிருப்பில் சண்டையும் வரும்.

கீரை ஆய்வதற்கு அலுத்துக்கொள்பவர்களுக்கு என் மாமியார் சொன்ன வழி: கொத்தோடு ஈரமில்லாத துணியில் இறுக்கிச் சுற்றி இரவு வைத்துவிடுங்கள். காலையில் உதறினால் இலைகள் பொலபொலவென்று தாமே உதிரும். காம்பு மட்டும் கையில் நிற்கும்.

முற்றி மரத்திலேயே காய்ந்த காயை எறியாதீர்கள். மூன்றாகப் பிளக்கும் நெற்றுக்குள் மூன்று சிறகு வைத்த விதைகள் இருக்கும். தோலுரித்து வெள்ளைப் பருப்பை இடித்து, கலங்கிய நீரில் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்கி ஓரிரு மணி நேரம் விடுங்கள். விதையிலுள்ள புரதம் கலங்கலைத் திரட்டி அடியில் இறக்கிவிடும். மேலே தெளிந்ததை நான் செடிக்கு ஊற்றுகிறேன். குடிப்பதானால் கொதிக்க வைத்தே ஆகவேண்டும். வேரை மட்டும் சமையலுக்குத் தோண்டாதீர்கள், அதில் நச்சு உண்டு.

மேல்வீட்டுக்காரர் இப்போது வாரம் ஒரு கொத்துக் கீரை கேட்டு வாங்கிப் போகிறார். ஸ்கூட்டரை மட்டும் வாசல் பக்கம் நிறுத்துகிறார்.