காருக்கு பாலிஷ் மெஷின் வாங்கும் முன்

வீட்டில் சும்மா கிடக்கிற, இரும்பு வெட்டவும் தேய்க்கவும் பயன்படுத்துகிற ஆங்கிள் கிரைண்டரில் ஒரு பஞ்சு பேடை மாட்டி காருக்கு பாலிஷ் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும், பெயின்ட்டுக்கு மேலே இருக்கிற கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சோ பெரும்பாலான கார்களில் 50 மைக்ரான் அளவுதான், அதாவது ஒரு தலைமுடியை விட மெலிசு. சூடேறினால் போச்சு, திரும்ப பெயின்ட்தான் அடிக்க வேண்டும்.

புதிதாகக் கற்பவர்களுக்கு டூயல் ஆக்‌ஷன் மெஷின்தான் சரி. பேட் சுழன்றுகொண்டே ஆடவும் செய்வதால் சூடு ஒரே இடத்தில் சேராது, அதிகமாக அழுத்தினால் சுழல்வதும் நின்றுவிடும். பேட் ஆடாமல் சுழல மட்டும் செய்கிற ரோட்டரி மெஷின் வேகமாக வேலை முடிக்கும், ஆனால் அது கை பழகியவர்களுக்கு.

காரை நன்றாகக் கழுவிவிட்டு (ஒரு மணல் துகள் இருந்தாலும் அதுவே உப்புத்தாள்!) நிழலில், பாடி தொட்டால் குளிர்ந்திருக்கும்போது ஆரம்பியுங்கள். ஓரங்களிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயின்ட் இன்னும் மெலிசு என்பதால் அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள், பிளாஸ்டிக் பகுதிகளுக்கும்தான். மென்மையான ஃபோம் பேட், நாலைந்து சொட்டு ஃபினிஷிங் பாலிஷ் (மிக மென்மையான ரகம்). முதலில் கண்ணில் அதிகம் படாத ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள், கீறல் போகவில்லை என்றால் மட்டும் அடுத்த கட்டமான, இன்னும் அதிகமாகத் தேய்க்கிற காம்பவுண்டுக்குப் போகலாம்.

பேடை பெயின்ட் மேல் தட்டையாக வைத்த பிறகே ஸ்விட்ச் போடுங்கள், இல்லாவிட்டால் பாலிஷ் முழுவதும் உங்கள் சட்டையில். இரண்டுக்கு இரண்டு அடியாகப் பிரித்து மெதுவாக நகர்த்துங்கள், அப்புறம் ஒயரைத் தோள் மேல் போட்டுக்கொள்ளுங்கள். நகத்தால் தடவினால் தட்டுகிற ஆழமான கீறலோடு மட்டும் மல்லுக்கட்டாதீர்கள்.