சனி, ஞாயிறு வாசிப்புக்கு ஒரு பொருள், மூன்று கட்டுரைகள்

வாரம் முழுவதும் பேருந்திலும் மதிய உணவு இடைவேளையிலும் கண்ணில் பட்ட கட்டுரைகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று கைபேசியில் சேர்த்து வைக்கிறோம். சனிக்கிழமை காலை காபியோடு உட்கார்ந்து அந்தப் பட்டியலைத் திறந்தால், மின்கலத் தொழில்நுட்பம் பற்றி ஒன்று, தெருக்கூத்து பற்றி ஒன்று, சர்க்கரை நோயாளிகளுக்கான உணவு பற்றி ஒன்று என்று ஒன்றுக்கொன்று முகம் தெரியாத நாற்பது தலைப்புகள் வரிசையில் நிற்கின்றன. முதல் இரண்டைப் பாதி படித்துவிட்டு மூடிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இதற்குச் சோம்பலைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு கட்டுரையில் தெரிந்துகொண்டது அடுத்த கட்டுரைக்கு உதவாதபோது, ஒவ்வொரு முறையும் மனம் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளாக நான் பின்பற்றிவரும் வழி மிக எளியது. வாரத்துக்கு ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டு, அதன் தொழில்நுட்பம் பற்றி ஒரு கட்டுரை, அதைச் சூழ்ந்த பண்பாடு பற்றி ஒரு கட்டுரை, அன்றாட வாழ்வில் அதன் இடம் பற்றி ஒரு கட்டுரை என மூன்றை மட்டும் எடுத்து வைப்பேன். நான்காவது எவ்வளவு ஆசை காட்டினாலும் அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுவேன்.

பொருளை வியாழக்கிழமை இரவுக்குள் முடிவு செய்துவிடுவது நல்லது. தேடுவதற்கு வெள்ளிக்கிழமை வேண்டும். அது கையால் தொடக்கூடிய அளவில் இருக்க வேண்டும் என்பது என் அனுபவம். செயற்கை நுண்ணறிவு என்று எடுத்துக்கொண்டால் கடலில் இறங்கியதுபோல் ஆகிவிடும். கைபேசியில் தமிழ்த் தட்டச்சு என்று எடுத்துக்கொண்டால் கரை தெரியும். தீப்பெட்டி, மின்விசிறி, ரேஷன் அட்டை, பேருந்துப் பயணச்சீட்டு, காபி வடிகட்டி ஆகிய எல்லாமே நல்ல பொருள்கள்தாம். மூன்று பக்கங்களிலும் சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். தீப்பெட்டியை எடுத்துக்கொண்டால் அதில் வேதியியல் இருக்கிறது, மேலட்டைப் படங்களின் கலை இருக்கிறது, 1920களில் கல்கத்தாவுக்குச் சென்று தொழில் கற்றுத் திரும்பிய இருவரால் சிவகாசியின் வாழ்க்கை மாறிய கதையும் இருக்கிறது.

முறை விளங்குவதற்காக ஒரு வாரத்தை முழுமையாக எடுத்துக் காட்டுகிறேன். அந்த வாரத்தின் பொருள் மாவரைக்கும் கிரைண்டர்.

தொழில்நுட்பப் பக்கத்தில் நான் தேடியது ஒரே ஒரு கேள்விக்கு விடை. ஆட்டுக்கல்லில் கல் அசையாமல் இருக்க, குழவியைக் கையால் சுற்றினார்கள். கிரைண்டரில் பாத்திரம் சுற்ற, குழவிக்கல் பிடித்து நிறுத்தப்பட்டிருக்கிறது. இந்தத் தலைகீழ் மாற்றம்தான் மோட்டாரை எளிதாக இணைக்க வழி செய்தது. பத்து ஆண்டுகளாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த பொருளில் இதை நான் கவனித்ததே இல்லை. இப்படி ஒரு கேள்வியை முன்வைத்துக்கொண்டு தேடினால், 1950களில் கோயம்புத்தூரில் இந்தத் தொழில் தொடங்கியதும், பிறகு அந்த ஊர்க் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் வெறும் பொது அறிவுத் துணுக்குகளாக நில்லாமல் அந்தக் கேள்வியோடு வந்து ஒட்டிக்கொள்ளும். மிக்சியின் கத்தி அதிவேகமாகச் சுழல்வதால் மாவு சூடாகிறது, கல் மெதுவாகச் சுழல்வதால் அந்தச் சூடு குறைவு என்பதும் இங்கேதான் தெரியவரும். அது நேராகப் புளிப்புக்குக் கொண்டுபோய் விடும்.

அன்றாட வாழ்வுப் பக்கம் அந்தப் புளிப்பிலிருந்தே தொடங்கியது. இட்லி மாவு பொங்குவதற்கு நாம் எதையும் வெளியிலிருந்து சேர்ப்பதில்லை. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள், குறிப்பாக லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா, கரியமில வாயுவை வெளியிட்டு மாவை எழும்பச் செய்கின்றன. மழைக்காலத்தில் மாவு எழாமல் போவதற்கும், ஊர் மாறினால் இட்லி மாறுவதற்கும் காரணம் தேடும் எவருக்கும் இது பயனுள்ள வாசிப்பு. அன்றாட வாழ்வு என்பதில் உழைப்பும் அடங்கும் என்பதால், 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் பற்றியும் படிக்க வேண்டும். அதை வெறும் தேர்தல் அறிவிப்பாக எழுதிய கட்டுரைகளை ஒதுக்கிவிட்டு, விடியற்காலையில் ஆட்டுக்கல்லின் முன் உட்கார வேண்டியிருந்தவர்களின் நேரத்தைப் பற்றிப் பேசும் கட்டுரையைத் தேர்ந்தெடுங்கள்.

பண்பாட்டுப் பக்கத்தில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவைப்பட்டது. திருமணத்தில் மணமகள் அம்மி மிதிப்பது, ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி ஆகியவை பற்றிய கட்டுரைகள் எளிதில் கிடைக்கின்றன. இட்லியின் வரலாற்றுக்குப் போனால் சிக்கல் தொடங்குகிறது. 10ஆம் நூற்றாண்டுக் கன்னட நூல் ஒன்றில் இட்டலிகெ என்ற பெயர் வருகிறது. அந்தப் பண்டம் உளுந்தால் ஆனது, இன்றைய இட்லியைப் போல அரிசி சேர்ந்ததன்று என்பதை உணவு வரலாற்றாய்வாளர் கே. டி. அச்சயா எடுத்துக்காட்டினார். புளிக்கச் செய்து ஆவியில் வேகவைக்கும் முறை இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்று அவர் முன்வைத்தது ஓர் ஊகம். இணையத்தில் பல கட்டுரைகள் அந்த “இருக்கலாம்” என்ற சொல்லை எடுத்துவிட்டு, முடிந்துபோன வரலாறாகவே எழுதுகின்றன. ஒரு கட்டுரையை எடுத்து வைக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய நான் பயன்படுத்தும் உரைகல் இதுதான்: ஊகத்தை ஊகம் என்று சொல்லும் கட்டுரைக்கு இடம் உண்டு.

இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம். முதல் மூன்று பத்திகளுக்குள் ஓர் ஊர்ப் பெயரோ, ஆண்டோ, ஆள் பெயரோ, அளவோ வராத கட்டுரையைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். “இன்றைய வேகமான உலகில்” என்று தொடங்கும் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையிலேயே கழிந்துவிடும். இயந்திர மொழிபெயர்ப்பில் பிறந்த கட்டுரைகளை வாய்விட்டுப் படித்தால் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது வாக்கியத்திலேயே நாக்கு இடறும்.

எங்கே தேடுவது என்பதில் கூகுளின் முதல் பக்கத்தோடு நின்றுவிடக் கூடாது. பண்பாட்டு வாசிப்புக்கு இன்று தமிழில் இருக்கும் வளம், இருபது ஆண்டுகளுக்கு முன் கற்பனைக்கும் எட்டாதது. 1998 பொங்கலன்று தொடங்கிய, தன்னார்வலர்களின் மின்னூல் முயற்சியான மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் இலக்கியங்கள் தேடக்கூடிய எழுத்துவடிவில் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களும் பருவ இதழ்களும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பட்டு இருக்கின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய இதழ் ஒன்றில் வந்த விளம்பரம், அன்றைய சமையலறையைப் பற்றி நான்கு கட்டுரைகள் சொல்லாததைச் சொல்லிவிடும். ஈழத்து வாழ்வும் எழுத்தும் உங்கள் பொருளோடு தொடர்புடையவை என்றால் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையதளத்துக்குச் செல்ல வேண்டும். இலங்கைத் தமிழர் வெளியிட்ட நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், நினைவு மலர்கள் எனப் பிற இடங்களில் எளிதில் அகப்படாதவற்றை அங்கே காணலாம். தொழில்நுட்பத்துக்கு, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதுவதற்காக 2012இல் தொடங்கிய கணியம் இதழின் பழைய கட்டுரைகள் இப்போதும் நல்ல தொடக்கம். உரிமச் சிக்கல் இன்றிக் கருவியில் இறக்கிக்கொள்ளத்தக்க நூல்கள் வேண்டுமென்றால் ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில், திரைக்கேற்ப எழுத்தளவை மாற்றிக்கொள்ளத்தக்க இபப் என்ற மின்னூல் வடிவிலும் ஆறங்குலத் திரைக்கான பிடிஎஃப் வடிவிலும் கிடைக்கும்.

நூலகத்தையும் மறந்துவிட வேண்டாம். தமிழ்நாட்டில் பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஞாயிறு காலை நடந்து சென்று பருவ இதழ்களைப் புரட்டிவிட்டு வரலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் இருப்பவர்களுக்கு 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் உள்ளன. குளிர்பதன வசதிக்காகவே போகிறவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

தமிழில் தேடுவதற்கென்று சில நுணுக்கங்கள் உண்டு. ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் இருப்பதால் கிரைண்டர், மாவரைக்கும் இயந்திரம், அரவை எந்திரம், ஆட்டுக்கல் என்று நான்கையும் தனித்தனியே இட்டுப் பார்க்க வேண்டும். இட்லி, இட்டலி என்ற இரண்டு எழுத்துமுறைகளும் இரண்டு வெவ்வேறு உலகங்களைத் திறக்கும். இறக்கி வைத்த கோப்புக்குள் தேடும்போது வேற்றுமை உருபு தடையாக வந்து நிற்கும்: மாவு என்று தேடினால் மாவை, மாவில் என்பவை அகப்படமாட்டா, வீடு என்று தேடினால் வீட்டில் என்பது அகப்படாது. சொல்லின் மாறாத முதற்பகுதியை மட்டும் இட்டுத் தேடுவதே வழி.

பழைய பக்கங்களைத் திறக்கும்போது தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்து தோன்றினால் பக்கம் கெட்டுவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடு பரவலாவதற்கு முன் தமிழ்த் தளங்கள் திஸ்கி, டாப், பாமினி எனப் பல குறியாக்கங்களில் எழுதப்பட்டன. அவற்றுள் ஒன்றாகத்தான் அது இருக்கும். அந்த எழுத்துகளை நகலெடுத்து, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றி ஒன்றில் இட்டு, எந்தக் குறியாக்கம் என்று ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தமிழ் வந்துவிடும். இப்படி மீட்டெடுத்த கட்டுரைகளில் எனக்கு மிகவும் பிடித்தவை பல இருக்கின்றன.

தேர்ந்தெடுத்த மூன்றையும் வெள்ளி இரவே உங்கள் கருவியில் இறக்கிவிடுங்கள். பிறகு படிக்க உதவும் சேவைகளில் இணைப்பை மட்டும் சேர்த்து வைப்பது போதாது. பல தளங்களின் புதிய பதிவுகளைத் திரட்டித் தந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் நின்றுபோனது, கட்டுரைகளைச் சேர்த்து வைக்கப் பலரும் நம்பியிருந்த பாக்கெட் 2025 ஜூலையில் மூடப்பட்டது. உலாவியில் வாசிப்பு முறையைத் திறந்து, விளம்பரங்கள் நீங்கிய அந்தப் பக்கத்தை அச்சிடும் வசதியின் வழியாகப் பிடிஎஃப் கோப்பாகச் சேமித்தால், சேவை இருந்தாலும் போனாலும் கட்டுரை உங்களிடம் இருக்கும். கோப்புக்குப் பெயரிடும்போது ஆண்டு, பொருள், எழுதியவர் என்ற வரிசையில் இடுங்கள். மூன்று ஆண்டுகள் கழித்துத் தேடும்போது அதன் அருமை தெரியும். கிண்டில் போன்ற கருவிகளில் பிடிஎஃப் கோப்பின் தமிழ் எழுத்து மிகச் சிறிதாகத் தெரியும் என்பதால் அங்கே இபப் வடிவமே கண்ணுக்கு நல்லது. நீண்ட கட்டுரையாக இருந்தால் தாளில் அச்சிட்டுக்கொள்வதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

படிக்கும் வரிசையைப் பற்றி ஒரு சொல். அன்றாட வாழ்வு பற்றியதைச் சனிக்கிழமை காலையில் முதலில் படியுங்கள். அதில் சொல்லப்படுவதை உங்கள் சொந்த அனுபவத்தோடு வைத்து உடனே சரிபார்க்க முடியும் என்பதால் வாசிப்பு சூடு பிடிக்கும். தொழில்நுட்பக் கட்டுரையை அன்று மாலையில், முடிந்தால் அந்தப் பொருளையே பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். கிரைண்டர் கட்டுரையைக் கிரைண்டரின் கல்லைக் கழற்றிப் பார்த்துக்கொண்டு படித்ததில் எனக்குப் பாதிப் படங்கள் தேவைப்படவில்லை. பண்பாட்டுக் கட்டுரை ஞாயிற்றுக்கிழமைக்கு. அதற்குள் முதல் இரண்டும் மனத்தில் ஊறியிருப்பதால், மிகைப்படுத்திய கூற்றுகளை எதிர்த்துக் கேள்வி கேட்கும் தெம்பு வந்திருக்கும்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் குறிப்பேட்டில் இரண்டு வரிகள் போதும்: புதிதாகத் தெரிந்தது ஒன்று, இன்னும் விளங்காதது ஒன்று. விளங்காததை வீட்டில் யாரிடமாவது கேளுங்கள். கிரைண்டர் வாரத்தில், உப்பை அரைக்கும்போதே போட வேண்டுமா, புளித்த பிறகு போட வேண்டுமா என்ற கேள்வியை என் தாயாரிடமும் மாமியாரிடமும் தனித்தனியே கேட்டேன். இருவரும் வெவ்வேறு விடை சொன்னார்கள். இருவருடைய இட்லியும் நன்றாகவே இருக்கிறது. ஆகவே அடுத்த வாரத்தின் பொருளாக உப்பை எழுதி வைத்தேன். தூத்துக்குடி உப்பளங்களில் கடல்நீர் உப்பாகும் விதம் பற்றி ஒன்று, 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த பயணம் பற்றி ஒன்று, ஊறுகாய் கெடாமல் இருப்பதில் உப்பின் வேலை பற்றி ஒன்று என்று வெள்ளி இரவுக்குள் மூன்றும் கிடைத்துவிட்டன.