லிஃப்ட் செய்த ஜிம்னியில் வீல் ஆஃப்செட்: அலைன்மென்ட் தாள் காட்டாத தவறுகள்

சுசூகி ஜிம்னியை உயர்த்த 2 அங்குல லிஃப்ட், அகலமான அலாய் வீல், அடுத்த வாரமே "ஸ்டீயரிங் நிற்க மாட்டேங்குது" என்று அலைன்மென்ட் கடை. புதிதாக வண்டியை மாற்றுகிறவர்கள் பலரும் இதே வரிசையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். காற்றழுத்தம், நட்டு முறுக்கம் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடலாம்.

ஆஃப்செட் கோளாறை டோவில் (முன் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) தீர்க்கப் பார்ப்பது

வீல் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். ஜிம்னியோடு வரும் வீல் 15 அங்குலம், அகலம் 5.5 ஜே (அதாவது 5.5 அங்குலம்), ஆஃப்செட் +5. அதற்குப் பதில் 7 ஜே, −15 போட்டால் நடுக்கோடு 20 மிமீ வெளியே போகும். கூடிய அகலத்தில் பாதியான 19 மிமீயும் சேர்ந்து வெளி விளிம்பு 39 மிமீ தள்ளி நிற்கும். உள் விளிம்பு நகர்வது 1 மிமீதான்.

ஸ்டீயரிங் திருப்பும்போது சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் அச்சு தரையைத் தொடும் புள்ளியிலிருந்து டயர் நடுவரை உள்ள தூரம் ஸ்க்ரப் ரேடியஸ். அதுவும் 20 மிமீ கூடிவிடும். பெரிய டயர் சிறிதளவு ஈடுகட்டும்: கிங்பின் சாய்வு 10 டிகிரி, டயர் ஆரம் 20 மிமீ கூடுதல் என்றால் 3.5 மிமீ. மிச்சம் முழுக்க நெம்புகோல். ஒரு சக்கரம் கல்லில் மோதினாலே ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும்.

இதில் எதுவும் அலைன்மென்ட் தாளில் வராது. ஆஃப்செட் மாறியதால் கேம்பரோ (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்) காஸ்டரோ (கிங்பின் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) டோவோ மாறுவதில்லை. அளவெல்லாம் பச்சையில் இருக்கும், வண்டி மட்டும் அலையும்.

காஸ்டரைக் கெடுப்பது லிஃப்ட். ஜிம்னியின் முன் ஆக்சில் சேசிஸிலிருந்து வரும் இரண்டு நீளக் கைகளோடு (ஆர்ம்) இறுகப் பிணைந்தது. பாடி மேலே போனால் ஆக்சில் சுழன்று காஸ்டர் குறையும். 50 மிமீ லிஃப்ட், கையின் நீளம் 800 மிமீ என்று வைத்தால் இழப்பு சுமார் 3.6 டிகிரி, உங்கள் வண்டியின் கையை டேப்பால் அளந்து கணக்கிடுங்கள். காஸ்டர் போனால் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. அதன்மேல் கூடுதல் ஸ்க்ரப்பும் சேர்ந்தால் சக்கரம் உதறவும் செய்யும்.

ஆனால் ஸ்டாக் பாகங்களோடு கடையில் மாற்ற முடிந்தது டோ மட்டும். டோ-இன்னைக் கூட்டினால் கொஞ்ச நாள் நேராக ஓடுவது போலத் தோன்றும். அதற்குள் இரண்டு முன் டயர்களின் வெளி ஓரமும் ரம்பம்போலத் தேயும். காஸ்டரை மீட்டுத் தரும் காஸ்டர் புஷ் விலைக்கு இரண்டு டயரைப் பலி கொடுக்கும் இந்தப் பழக்கம்தான் பொறுக்க முடியாதது.

சரியான வரிசை: லிஃப்ட் மாட்டி ஸ்பிரிங் அமரும்வரை ஓட்டுங்கள். பிறகு காஸ்டர் புஷ், அடுத்து பேன்ஹார்டு ராட் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி), ஸ்டீயரிங் நடு. புது வீலோடு, வழக்கமான சுமையோடு, டோ கடைசியில். தாளில் காஸ்டர் வரியைக் கேட்டு வாங்குங்கள். ஆஃப்செட் 0-க்குக் கீழே போக வேண்டிய தேவை உண்டா என்று வாங்கும் முன்பே யோசியுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் ஸ்பேசர் (வீலை வெளியே தள்ளும் தட்டு)

ஒரு பக்கச் சக்கரம் மட்டும் உள்ளே போனதுபோலத் தெரிந்தால், லிஃப்ட்டில் பேன்ஹார்டு ராட் ஆக்சிலைப் பக்கவாட்டில் இழுத்திருக்கிறது. ராட்டைச் சரிசெய்யுங்கள், ஸ்பேசர் வேண்டாம்.

உதறலுக்கு ஸ்டீயரிங் டேம்பர் (அதிர்வைத் தணிக்கும் ஷாக்) வாங்குவது

முதலில் ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துக் கிங்பின் பேரிங்கைப் பாருங்கள்.

டயர் உரசலுக்கு இன்னும் குறைந்த ஆஃப்செட்

ஆக்சில் கையில் (ஆர்ம்) உரசுவது நிற்கும், பம்பரில் உரசத் தொடங்கும்.