உறவினரோடு சேர்ந்து குடும்ப வரலாற்றைத் தேடுவது எப்படி?

சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் என நான்கைந்து பேர் சேர்ந்து, மாதம் ஒரு ஞாயிறு பெரியவர் ஒருவரின் வீட்டில் கூடுங்கள். ஆவணங்களைப் பிறகு தேடலாம். எண்பதைக் கடந்த பாட்டியிடம் இப்போதே கேட்டுவிட வேண்டும். ஒருவர் கேட்க, ஒருவர் கைபேசியில் பதிவு செய்ய, இன்னொருவர் எழுதட்டும்.

அடுத்து, பழைய ஜாதக நோட்டைப் பாருங்கள். மூலையில் மஞ்சள் தடவிய முதல் பக்கத்தில் ‘பிரபவ வருஷம், ஆவணி மாதம்’ என்றிருந்தால், தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்புவதால், அது 1867 ஆகவும் இருக்கலாம், 1927 ஆகவும் இருக்கலாம். பேரனுக்குப் பாட்டனின் பெயரை இடும் வழக்கமுள்ள குடும்பங்களில் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகும் என்பதால், உடன்பிறந்தோரின் வயதோடு ஒப்பிட்டே ஆண்டை முடிவு செய்யுங்கள்.

வீட்டுப் பத்திரங்களில் தந்தை பெயரும் தெருவும் கிடைக்கும். பிறகு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும், 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்துக்கும் சேர்ந்தே செல்லலாம்.

பெண்களின் பெயர்கள் சொத்துப் பத்திரங்களில் அரிதாகவே வருவது எனக்குப் பெரும் வருத்தம். அவர்களுக்காகவே பரண்மேல் இருக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் மொய் நோட்டுகளையும் இறக்கி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.