வீட்டில் ஒரே கைப்பேசி: பிள்ளைக்கு அதைப் பாதுகாப்பாக்குவது எப்படி?

பிள்ளைகளின் இணையப் பாதுகாப்பு குறித்த விளக்கங்களில் பல, பிள்ளையிடம் தனிக் கைப்பேசி இருப்பதாகவே எடுத்துக்கொள்கின்றன. கடலூர் முதுநகரிலும் திருப்பாதிரிப்புலியூரிலும் நான் அறிந்த வீடுகளில் நிலை வேறு. தந்தை வெளிநாட்டில் வேலை பார்க்க, தாயின் ஒரே ஆண்ட்ராய்டு கைப்பேசியில்தான் வீட்டுப்பாடமும் வங்கிக் கணக்கும் பிள்ளையின் விளையாட்டும் நடக்கின்றன. ஆகவே அந்தக் கைப்பேசியையே எடுத்துக்கொள்வோம்.

முதல் படி: திரைப்பூட்டு எண் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் மாற்றுங்கள். யுபிஐ ரகசிய எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்கவே கூடாது.

இரண்டாம் படி: ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், ஃபேமிலி, பேரன்டல் கன்ட்ரோல்ஸ் என்ற வரிசையில் செல்லுங்கள். அங்கே ஒரு ரகசிய எண்ணை அமைத்து, பிள்ளையின் வயதுக்கேற்ற செயலிகளை மட்டும் இறக்க அனுமதிக்கலாம். ஏற்கெனவே கைப்பேசியில் உள்ள செயலிகளை இது நீக்காது என்பதால், அவற்றை நீங்களே ஒருமுறை பார்த்துத் தேவையற்றவற்றை அகற்ற வேண்டும்.

மூன்றாம் படி: யூடியூபின் செட்டிங்ஸில் ரெஸ்ட்ரிக்டட் மோடை இயக்குங்கள். பெரியவர்களுக்கான காணொளிகளில் பெரும்பகுதியை இது மறைக்கும். ஆனால் முழுமையாக வடிகட்டிவிடாது. சிறு பிள்ளைகளுக்கு யூடியூப் கிட்ஸ் செயலியே மேல். அதில் நீங்கள் தேர்ந்தெடுத்த காணொளிகள் மட்டும் தோன்றும்படியும் அமைக்க முடியும்.

நான்காம் படியைப் பலர் அறிவதில்லை. செட்டிங்ஸின் பாதுகாப்புப் பகுதியில் ஆப் பின்னிங் என்ற வசதி உண்டு (சில நிறுவனங்களின் கைப்பேசிகளில் ஸ்கிரீன் பின்னிங் என்றிருக்கும்). அதை இயக்கி, வெளியேறும்போது ரகசிய எண் கேட்கும்படி அமைத்துவிட்டால், பிள்ளைக்காகத் திறந்து 'பின்' செய்த செயலியிலிருந்து வாட்ஸ்அப்புக்கோ வங்கிச் செயலிக்கோ அந்த எண் இல்லாமல் போக முடியாது.

ஐந்தாம் படி: வாட்ஸ்அப்பின் பிரைவசி பகுதியில், உங்களைக் குழுவில் சேர்க்கவும் முகப்புப் படத்தைப் பார்க்கவும் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி அளியுங்கள். பள்ளிக் குழுவில் உள்ள அனைவருக்கும் உங்கள் எண் தெரியும். சீருடை அணிந்த பிள்ளையின் முகப்புப் படம், அவர்களில் அறிமுகமில்லாதவருக்கும் பிள்ளையின் முகத்தையும் பள்ளியையும் சேர்த்தே காட்டிவிடும்.

பிள்ளைக்குத் தனிக் கைப்பேசி வாங்கித் தரும் நாளில், பிள்ளையின் கைப்பேசிப் பயன்பாட்டைப் பெற்றோர் கண்காணிக்க உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியை முதலில் நிறுவிக்கொள்ளுங்கள்.

இனி வருவதுதான் இந்த விளக்கத்தில் முக்கியமானது. இணையம் வழியே பிள்ளையை மிரட்டுபவர் முதலில் சொல்வது "அம்மாவிடம் சொல்லாதே" என்பதுதான். சொன்னால் அடி விழும், கைப்பேசி போய்விடும் என்ற அச்சமே அவருக்குத் துணை. எனவே, "என்ன நடந்தாலும் திட்ட மாட்டேன், கைப்பேசியைப் பிடுங்க மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். அப்படி ஒன்று நேர்ந்துவிட்டால், உரையாடலை அழிக்காதீர்கள். எண்ணையும் செய்திகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே அந்த நபரைத் தடை செய்யுங்கள். பிள்ளையின் அந்தரங்கப் படம் அதில் இருந்தால், சான்று என்று கருதிக்கூட உறவினருக்கோ நண்பருக்கோ அனுப்பாதீர்கள். அப்படிப் பகிர்வதே குற்றமாகும். பிள்ளைகளுக்கான உதவிக்கு 1098, பணம் பறிபோயிருந்தால் 1930 ஆகிய எண்களை அழைக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம்.

கடலூரில் குடியிருந்து புதுச்சேரியில் படிக்கும் பிள்ளைகள் உண்டு. புகாரை எந்தக் காவல் நிலையத்தில் கொடுப்பது என்று அவர்களின் பெற்றோர் குழம்ப வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். பாலியல் துன்புறுத்தலாக இருந்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே பதிவு செய்யலாம். பதிவு செய்யும் அதிகாரி அப்போது சீருடையில் இருக்கக் கூடாது.