உறைந்து நிற்கும் காலை நகர்த்துவது எப்படி?

பார்க்கின்சன் நோயுள்ள பெரியவர் ரேழியிலிருந்து கூடத்துக்கு வரும்போது, நிலைப்படியின் முன் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிட்டால், அது பிடிவாதமும் அன்று, கால் வலுக்குறைவும் அன்று. மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்லியா என்னும் நரம்புச் செல் தொகுதி, அசைவுக்கான செய்திகளை மூளையின் மேற்பகுதிக்கு அனுப்பும் தாலமஸை எந்நேரமும் அடக்கிவைத்து, தேவையான அசைவுக்கு மட்டும் பிடியைத் தளர்த்துகிறது. மூடிய மதகில், முறை வந்த வாய்க்காலுக்கு மட்டும் பலகையைத் தூக்குவதைப் போன்றது இது. பார்க்கின்சன் நோயில், டோபமின் என்னும் செய்தி கடத்தும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழியும்போது அந்தப் பிடி எளிதில் தளர்வதில்லை.

ஆகவே, கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. மேலுடல் முன்னே வர, பாதம் பின்தங்கி, அவர் விழுந்துவிடக்கூடும். முதலில் அவரை நிதானமாக நிற்கச் செய்து, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றச் சொல்லி, பிறகு தரையில் ஒரு கோட்டைக் காட்டி, "இதைத் தாண்டி வைங்கப்பா" என்று சொல்லுங்கள். கண்ணில் படும் கோடு பலருக்கு உடனே அடியெடுக்க உதவுகிறது. இதற்குக் கோலமாவு வேண்டாம், வழுக்கும். டெல்டாவின் பழைய வீடுகளில் நிலைப்படி உயரமாகவே இருக்கும் என்பதால், அதற்கு முன்பாக, தரையின் நிறத்துக்கு மாறான நிறமுள்ள ஒட்டுநாடாவை நடைக்குக் குறுக்கே, அவர் ஒருமுறை கால் எடுத்துவைக்கும் தூரத்துக்கு ஒன்றாக ஒட்டுங்கள். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல் அகல வளைந்து வரட்டும்.

மூளையில் டோபமினாக மாறி இந்நோய்க்கு உதவும் லெவோடோபா மாத்திரையின் உறிஞ்சலைப் பருப்பு, மீன், தயிரிலுள்ள புரதம் தடுக்கக்கூடும். சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னதாகக் கொடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டு, அந்த நேரத்தைத் தவறாமல் கடைப்பிடியுங்கள்.